மிச்சமாகும் இரவு டேட்டாவைப் பகலிலும் பாவிக்க விடுங்கள்: இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். முதலாம் திகதி காலையில் உங்களிடமிருந்து எனக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. நள்ளிரவுக்குப் பிறகு காலை வரை மட்டும் பாவிக்கலாம் என்று நீங்கள் தந்த இரவு நேர டேட்டாவில், என் கணக்கில் மிச்சமிருந்த 38 ஜீபி காலாவதியாகிவிட்டது என்றது ஒன்று. "ஆறாவது பாகத்துக்கு நீங்கள் ரெடியா?" என்று கேட்டு, புதிய கேமிங் பெக்கேஜ் ஒன்றை வாங்கச் சொன்னது மற்றது. முதலாவதோடு நின்றிருந்தால் வழமைபோலப் பேசாமல் இருந்திருப்பேன்.

ரெடிதான் ஐயா. ஜிடிஏ என்ற வீடியோ கேமின் ஆறாவது பாகமான ஜிடிஏ 6இன் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்த நாளிலிருந்து ரெடி. 2025இல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். இப்போது நவம்பர் 19 என்கிறார்கள். ஐந்தாவது பாகம் 2013 செப்டெம்பரில் வந்தபோது நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இன்று வேலைக்காகவும் காத்திருக்கிறேன், கேமுக்காகவும் காத்திருக்கிறேன். இரண்டில் கேமுக்காவது ஒரு திகதி சொல்லியிருக்கிறார்கள்.

காத்திருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே. புதிய கதையும் வைஸ் சிட்டி என்ற கற்பனை நகரத்துக்கே திரும்பிப் போகிறதென்பதால், 2002இல் அதே பெயரில் வந்த பழைய ஜிடிஏ கேமை எங்கள் செட்டில் எல்லாரும் மறுபடியும் முடித்துவிட்டோம். மச்சானின் பழைய கம்பியூட்டரில்கூட அது சிக்கலில்லாமல் ஓடுகிறது. பின்னேரம் வயலோரத்து மதகில் இருந்து, புதிய கதையின் நாயகன் ஜேசனை நாயகி லூசியா நம்பலாமா கூடாதா என்று சண்டை பிடிக்கிறோம். இரண்டாவது டிரெய்லரைப் பகல் டேட்டா கரையாதபடி 360 என்ற குறைந்த தரத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அந்தத் தரத்தில் கார் நம்பர் பிளேட்டுகூடத் தெரியாது. ஆனாலும் அதிலிருந்து கதையைக் கண்டுபிடித்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பிசிக்கு எப்போது வரும் என்று சொல்லவில்லை என்பதால், ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கவென்றே சீட்டும் போட்டு வருகிறோம். அந்தக் கேமையும் ஒருநாள் உங்கள் டவர் வழியாகத்தான் இறக்க வேண்டும்.

இதற்கிடையில், ஜிடிஏயைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் சலுகை விலைக்கு வந்தது. ஜிடிஏ 6 வரும்வரை அதில் குதிரையில் சுற்றுவோம் என்று வாங்கினேன். பிசியில் அதற்கு 150 ஜீபி இடம் வேண்டும். உங்கள் பெக்கேஜில் எனக்குப் பகலுக்கு 40, இரவுக்கு 60. தங்கச்சியின் வகுப்புக்கென்று பகலைத் தொடாமல் விட்டால், ஒரு கேமை இறக்கவே மூன்று மாதத்து இரவுகள் வேண்டும். பரவாயில்லை, நவம்பர் வரை எனக்கு வேறென்ன அவசரம்?

இரவு டேட்டா ஏன் தருகிறீர்கள் என்பது எனக்கு விளங்கும். பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பாவிப்பார்கள், டவர் திணறும். சாமத்தில் அதே டவர் சும்மா நிற்கும். பெரிய இறக்கங்களை அந்த நேரத்துக்குத் தள்ளினால் எல்லாருக்கும் நல்லது. நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தச் சாமத்தில் டவர் வேலை செய்ய வேண்டுமே. நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில். மழைக்காலத்தில் கரண்ட் இரவில்தான் போகும். போனால் விடியும்வரை வராத நாட்களும் உண்டு. டவரின் பற்றரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு அதுவும் படுத்துவிடும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை பாவி என்று நீங்கள் தந்ததை, அந்த நேரத்தில் பாவிக்கவே முடியாதபடி ஒரு மாதம் போனது. அப்படி மிஞ்சியதுதான் நீங்கள் அழித்த 38 ஜீபி.

அந்த மாதம் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். தங்கச்சி உயர்தரம், உயிரியல் பிரிவு. இரசாயனவியல் வகுப்பு மட்டக்களப்பு டவுனில் நடக்கிறது. முடிந்து வர இருட்டிவிடும். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ்ஸும் இல்லை, ரோட்டில் யானைப் பயம் வேறு. அதனால் சூமில் படிக்கிறாள். இருபதாம் திகதியளவில் பகல் டேட்டா முடிந்துவிட்டது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சேரின் முகம் அப்படியே உறைந்து நின்றது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள், சிக்னல் பிரச்சினை என்று நினைத்து. அதே நேரம் உங்கள் ஆப்பில் இரவு டேட்டா ஐம்பது ஜீபிக்கு மேல் என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்கட கணக்கில டேட்டா நிறைய இருக்கே சேர், பன்னிரண்டு மணிக்குப் பிறகு பாவிக்கலாம்தானே" என்றார். இருக்கிறது என்பதுதான் ஐயா எங்கள் பிரச்சினையே. இல்லாவிட்டால் மனதை ஆற்றிக்கொண்டிருப்போம்.

அன்றிலிருந்து மாதம் முடியும்வரை, பிள்ளை சாமம் பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழும்பினாள். சேர் அனுப்பி வைத்த வகுப்பு ரெக்கோடிங்கை, கரண்ட் இருந்த இரவுகளில், மேசையில் தலையை வைத்தபடி இறக்கினாள். ஒன்று இறங்கி முடியும்வரை தூங்கிவிடக் கூடாதென்று வாளியில் தண்ணீர் வைத்து முகம் கழுவுவாள். "இந்தச் சாமத்தில என்ன புள்ள படிப்பு, படு" என்று அம்மா ஏசுவா. இரவில் படி, பகலில் படிக்காதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

கடையில் பத்துக் கிலோ அரிசிக்குக் காசு கொடுக்கிறோம். "நாலு கிலோவைப் பகலில் சமையுங்கள், ஆறு கிலோவைச் சாமத்தில்தான் சமைக்கலாம், மாத முடிவில் மிச்சம் இருந்தால் நானே வந்து அள்ளிக்கொண்டு போவேன்" என்று முதலாளி சொன்னால், அந்தக் கடை எங்கள் ஊரில் எத்தனை நாள் ஓடும்?

நாங்கள் இலவசமாக ஒன்றும் கேட்கவில்லை. காசு கட்டிய இரவு டேட்டாவில் மிச்சமாவதைப் பகலிலும் பாவிக்க விடுங்கள். அது முடியாதென்றால், அடுத்த மாதத்துக்காவது கொண்டுபோக விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறவனுக்கு ஃபைபர், எனக்கு ஜன்னல் கம்பியில் கட்டிய ரவுட்டர். வாவிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம். பில்லில் அந்த வித்தியாசம் தெரிவதில்லை. எங்கள் பக்கத்துக் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேரோட்டத்துக்கு வாவியைக் கடந்து சனம் எல்லாம் வருகிறது, உங்கள் கேபிளுக்கு மட்டும் வாவியின் மேலுள்ள வலையிறவுப் பாலம் கண்ணில் படவில்லை. தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொல்கிறீர்கள். அழுத்தினால் பாட்டுப் போகிறது. பாட்டு முடிய, தமிழ் தெரிந்தவர் இப்போது இல்லை என்று சிங்களத்தில் சொல்கிறார்கள். டவுனில் வைத்திருக்கும் பெரிய பலகையில் சிரிக்கும் பிள்ளை எந்தக் கரையில் இருக்கிறதோ தெரியவில்லை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான், மிச்சமாகும் இரவு டேட்டாவைப் பகலிலும் பாவிக்க விடுங்கள்.

இதை இப்போதே கேட்கக் காரணம் அந்த நவம்பர் 19. கேம் நிறுவனத்துக்கு நவம்பர் என்றால் நத்தார் வியாபாரம். எங்களுக்கு அடைமழை. 1978இல் இந்த ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளி நவம்பர் 23இல் வந்தது. எங்கள் அப்பம்மா இன்றைக்கும் எந்த வயதையும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் கணக்குப் பார்ப்பா. அப்படியொரு மாதத்தில்தான் ஊரில் உள்ள பொடியன்கள் எல்லாம் ஒரே இரவில் ஒரு பெரிய கேமை இறக்கப் போகிறார்கள். 2025 செப்டெம்பர் 4இல் சில்க்சோங் என்ற கேம் வந்தபோது உலகத்துப் பெரிய கேம் கடைகளே கொஞ்ச நேரம் முடங்கின. அது ஒரு சில பேர் சேர்ந்து செய்த கேம். இதற்கு உங்கள் டவர் என்ன செய்யும் என்று யோசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். 12 மணிக்கு எல்லாரும் ஒன்றாகப் பாய்வதை விட, மிச்சத்தைப் பகலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க விட்டால் உங்களுக்கும் சுகம்தானே?

கேமிங் பெக்கேஜ் வேண்டாம் ஐயா. அதிலும் பகல் இவ்வளவு, இரவு இவ்வளவு என்றுதான் போட்டிருக்கிறீர்கள், வாசித்துப் பார்த்தேன். உள்ள பெக்கேஜில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள்.

தயவுசெய்து இதைப் பரிசீலித்து, தமிழிலேயே ஒரு பதில் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். உடனே முடியாவிட்டாலும், வரும் முதலாம் திகதி எங்கள் கணக்குகளில் மிஞ்சியிருக்கும் இரவு டேட்டாவை அழிக்காமல் விடுவதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
மாதாமாதம் தவறாமல் பில் கட்டும்
படுவான்கரை வாடிக்கையாளர் ஒருவன்