புள்ளி விழுந்த மணிகள்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய மக்காச்சோளக் கதிரின் படத்தைப் பெரிதாக்கி, மணி மணியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிர் மஞ்சளில் ஊதாப் புள்ளிகள். ஒரு மணியில் பாதியை மூடிய திட்டு. பக்கத்து மணியில் ரவை தூவியதுபோலப் பொடிப்பொடியாக. எத்தனை அழகு!

நீ பிளஸ் டூ படித்தபோது, மரபணுக்கள் குரோமோசோமில் மாலையில் கோத்த மணிகள்போல இடம்மாறாமல் இருக்கும் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அது இன்று உறுத்துகிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அன்று விட்ட பாடத்தை நடத்தி முடிக்கிறேன்.

நிறமிக்கான மரபணுவுக்குள் 'டிசோசியேஷன்' என்ற டி.என்.ஏ. துண்டு புகுந்துகொள்கிறது. மரபணு முடங்கி, மணி நிறமிழக்கிறது. அந்தத் துண்டால் தானாக நகர முடியாது. 'ஆக்டிவேட்டர்' என்ற துண்டும் அதே செல்லில் இருந்தால், அது உண்டாக்கும் நொதி முன்னதை வெட்டி எடுத்துவிடும். நிறமி திரும்பிவிட்டால், அந்தச் செல்லும் அதன் வழிவந்தவையும் ஊதாவாகின்றன. மணி வளரத் தொடங்கியதுமே துண்டு வெளியேறினால் பெரிய திட்டு, கடைசியில் வெளியேறினால் பொடிப்புள்ளி. ஒரு புள்ளியின் அளவைப் பார்த்தே தாவல் நடந்த காலத்தைச் சொல்லிவிடலாம்! வெளியேறிய இடத்தில் சில டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாகத் தங்கிவிட்டால், அதுவே புதிய சடுதி மாற்றம்.

1940களில் நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், தானே வளர்த்த செடிகளையும் ஒரு நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு பார்பரா மெக்ளின்டாக் இதைக் கண்டுபிடித்தார். 1950இல் கட்டுரை வெளியானபோது டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளே அறியப்படவில்லை. மறு ஆண்டு கருத்தரங்கில் விளக்கியும் பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை. 1983இல், 81 வயதில், மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. 2009இல் மக்காச்சோள மரபணுத்தொகுதியைப் படித்தபோது, அதில் ஏறக்குறைய 85 சதவீதம் இத்தகைய துண்டுகளே என்று தெரிந்தது. நான் ஒரே வரியில் கடந்துபோனது இத்தனை பெரிய விஷயத்தை!

படத்தில் கீழிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு மணி மட்டும் முழுக்க ஊதாவாக இருக்கிறது, கவனித்தாயா? பெற்றோர்ச் செடியின் இனச்செல் உருவாகும் முன்பே துண்டு வெளியேறியிருக்கலாம். அப்படியானால் அந்த நிறம் அடுத்த தலைமுறைக்கும் போகும். அந்த மணியைத் தனியாக எடுத்துவைத்து விதைத்துப் பார். கதிர் பிடித்ததும் எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா