கையெழுத்துப் போட வேண்டாம் என்று மச்சானிடம் சொல்

அன்புள்ள மாப்ள,

ஏற்காட்டில் காப்பி பூத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் உடனே பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டதும் வருகிறேன். இப்போது உன் மச்சான் விஷயம்.

லாரி விபத்தில் உன் தங்கச்சி இறந்ததற்கு மூணு லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி, அதன் புருஷனான அவரை லாரி தரப்பில் நெருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போட வேண்டாம். போலீஸ் கேஸ் டிரைவரைத் தண்டிப்பதற்கு. இழப்பீட்டு வழக்கு அதிலிருந்து தனி. ஒருவர் அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால், அந்த உயிரை நம்பியிருந்தவர்கள் தாங்கள் இழந்ததைக் கேட்டு வாங்கும் உரிமை அது. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் இந்த வழக்கு தொடர்ந்து நடக்கும்.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1808இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்து, மதுக்கடைக்காரர் ஒருவரின் மனைவி ஒரு மாதம் கிடந்து இறந்துபோனார். கடையில் புருஷனுக்குக் கூடமாட இருந்தவர். அந்த ஒரு மாதத்துக்குத்தான் நஷ்ட ஈடு, சாவுக்குப் பிறகான இழப்பைக் கேட்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். காயம்பட்டவருக்குப் பணம் உண்டு, செத்தவர் வீட்டுக்கு இல்லை! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அங்கே 1846இல் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். 1855இல் நம் நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வந்தது. இன்று சாலை விபத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.

தங்கச்சிக்கு 38 வயது. வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்து மாதம் 9,000 சம்பாதித்தது என்று வைத்துக்கொள். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேரும், 12,600 ஆகிறது. புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேர் இருப்பதால் அதன் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். மீதி 8,400. வருஷத்துக்கு 1,00,800. வருஷக் கணக்கை இத்தனையால் பெருக்க வேண்டும் என்று கோர்ட்டில் வயதுக்கு ஏற்ற எண் ஒன்று உண்டு, அந்த வயதுக்கு அது 15. மொத்தம் 15,12,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு, தாயை இழந்ததற்கு என்று வருவதெல்லாம் தனி. இவர்கள் மூணு லட்சம் என்கிறார்கள்.

டிரைவரும் பிள்ளைகுட்டிக்காரன் என்று மச்சான் தயங்குவது நல்ல மனசுதான். லாரிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பணம் கட்டப்போவது கம்பெனி.

வருமானத்துக்கு ஆதாரம் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். பட்டறையில் வெள்ளி எடையும் கூலியும் குறித்துக் கொடுத்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல். அது கிடைக்காவிட்டாலும் சோர்ந்துபோக வேண்டாம். சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்த உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. அதனால் வர்ற வாரமே எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், அந்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு மச்சானை வரச் சொல். எங்கள் வக்கீலிடம் நானே கூட்டிப்போகிறேன். முடிந்தால் நீயும் கூட வா, அவர் தனியாக வர வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்