சாமான் மாற்றுவதற்கு முன் கோளாறுக் குறியைப் பில்லில் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரியகல்லாற்றில் இருந்து எழுதுகிறேன். பதினான்கு வருடமாக வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறேன். என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, இங்கே எல்லோரும் 121 என்று சொல்லும் கார். கிழமையில் நாலு நாளாவது நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வருவேன். போன வருடம் அந்தக் கார் எனக்குத் தந்த கரைச்சலையும், அதில் நான் இழந்த காசையும், கடைசியில் கண்டுபிடித்த காரணத்தையும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல வேண்டும். பழைய கார் வைத்திருக்கும் எத்தனையோ பேர் இதே வழியால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கரைச்சல் ஐட்லிங்கில்தான், அதாவது அக்ஸிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போதுதான், தொடங்கியது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நிறுத்தி, ஏசி போட்டபடி நின்றால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் 700இல் இருந்து 500க்குக் கீழே இறங்கும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், திரும்ப ஏறும், திரும்ப இறங்கும். ஒருநாள் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வாகன நெரிசலில் அப்படியே நின்றுவிட்டது. பின்சீட்டில் களுவாஞ்சிக்குடியில் ஏற்றிய வயதான அம்மா ஒருவர், கண் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். "என்ன மனே, நிண்டுத்தா?" என்று மட்டும்தான் கேட்டார். பின்னுக்கு நின்ற பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் மீற்றரில் மஞ்சள் நிற செக் எஞ்சின் லைட்டும் எரிந்தது.

முதல் போன கராஜில் பொனற்றைத் திறந்து, பியூஸ் பெட்டியில் இருந்த, பெற்றோல் தெளிக்கும் முறைக்கு மின்சாரம் கொடுக்கும் ஈ.எஃப்.ஐ பியூஸைக் கழற்றி, ஒரு நிமிடம் வைத்துத் திரும்பப் போட்டார்கள். லைட் அணைந்தது. 1,500 ரூபாய். மூன்றாம் நாள் லைட் திரும்ப வந்தது. வராமல் என்ன செய்யும்? கோளாறைக் கண்டு காரின் கணினி தன் நினைவில் பதிந்து வைத்திருந்த குறி மட்டும்தான் அழிந்தது, கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது. அது மட்டுமல்ல, அந்தப் பியூஸைக் கழற்றினால் எஞ்சின் இவ்வளவு காலமும் பழகி வைத்திருந்த ஐட்லிங் கணக்கும் சேர்ந்து அழிந்துபோகும். திரும்பப் பழகும் வரைக்கும் ஐட்லிங் இன்னும் கேவலமாக இருக்கும். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது கராஜில் ஸ்கேன் மெஷின் இருந்தது. பி0171 என்று காட்டியது. பார்த்தவுடனேயே "ஒட்சிசன் சென்சர் போயிட்டு" என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ரீகண்டிஷன் சென்சர் ஒன்று வரவழைத்து, கூலியோடு 25,000 ரூபாய். ஒரு கிழமை நன்றாக ஓடியது போல இருந்தது, அப்புறம் அதே லைட், அதே குறி. பிறகு எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாசலான த்ரொட்டில் பொடியைக் கிளீன் பண்ண 4,500. அதற்குப் பிறகு பெற்றோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். அதற்கு என்னிடம் காசு இல்லை. இல்லாமல் இருந்தது நல்லதாகப் போய்விட்டது.

பி0171 என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் இல்லை, காற்றுக் கூடிவிட்டது. அவ்வளவுதான். எந்தச் சாமான் பழுது என்று அந்தக் குறி சொல்வதில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர்தான் காற்றுக் கூடியதைக் கண்டு கணினிக்கு அறிவிக்கிறது. என்னுடைய சென்சர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைத்தான் கழற்றி எறிந்தார்கள். சென்சரே பழுதானால் அதற்கு வேறு குறிகள் இருக்கின்றன. அதன் ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் பி0135 வரும். அப்போதும் முதலில் பியூஸையும் வயரையும் பார்த்துவிட்டுத்தான் சென்சரில் கை வைக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சாய்ந்தமருதில் ஒரு நானா. அறுபது வயதைத் தாண்டியவர், வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டு வேலை செய்கிறார். அவரிடமும் ஸ்கேன் மெஷின்தான் இருந்தது, முந்தினதை விடப் பழையது. ஆனால் குறியைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. எஞ்சின் சூடாகும் வரை காத்திருந்து, மெஷினில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். கணினி வழமையான அளவுக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று காட்டும் பக்கம் அது. ஐட்லிங்கில் கூட்டல் 22. என்னை உள்ளே ஏறி அக்ஸிலேற்றரை மிதித்து 2,500இல் பிடிக்கச் சொன்னார். இலக்கம் மெல்ல மெல்ல இறங்கி 4இல் நின்றது.

"இந்த நம்பர் ஒரு சாமானையும் மாத்தச் சொல்லல்ல தம்பி. காத்துக் கூடிட்டு எண்டுதான் சொல்லுது. காத்து எங்கால வருது எண்டு நாமதான் தேடணும்" என்றார்.

அந்த இரண்டு இலக்கங்களில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்து, காற்று அளக்கும் சென்சரைத் தாண்டிய பிறகு களவாகக் காற்று உள்ளே போனால், ஐட்லிங்கில்தான் அது பெரிதாகத் தெரியும். அப்போது எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். 2,500இல் எஞ்சின் நிறையக் காற்றை இழுப்பதால் அந்த ஓட்டை வழியாக வருவது ஒரு பொருட்டே இல்லை, அதனால் இலக்கம் இறங்குகிறது. மாறாக, றேஸ் கூடக் கூட இலக்கமும் கூடினால் பெற்றோல் பம்பையோ பில்டரையோ அழுக்குப் பிடித்த காற்றுச் சென்சரையோ சந்தேகிக்கலாம். பம்பை மாற்றச் சொன்னவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை வந்திருக்கும்.

பிறகு அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழத் துண்டை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் பக்கமாக மெதுவாக நகர்த்தினார். வால்வு மூடியில் இருந்து உள்ளெடுக்கும் குழாய்க்குப் போகும் சின்ன ரப்பர் குழாய்க்குக் கிட்ட வந்ததும் கையை நிறுத்தி, என் காதிலும் வைத்தார். பல்லிடுக்கால் காற்றை இழுப்பது போல ஒரு சீறல். அந்தக் குழாயைக் குறட்டால் நசுக்கிப் பிடித்தார். எஞ்சின் நடுங்குவது அடங்கி முள் 700இல் நின்றது. விட்டார், திரும்ப நடுங்கியது.

கழற்றிக் கையில் தந்தார். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லாத குழாய். எண்ணெய் ஊறி, நசித்தால் பழைய செருப்புத் தோல் போல மெத்தென்று இருந்தது. வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நேராகப் பிடித்தால் மூடிக்கொள்ளும், வளைத்தால் வாயைத் திறக்கும். புதுக் குழாய் 900 ரூபாய். கூலி என்று அவர் கேட்டது 1,500. குழாயை மாற்றி, குறியை அழித்து, கல்முனை வரை ஓடித் திரும்பி வந்து மறுபடி மெஷினைப் போட்டுப் பார்த்தோம். ஐட்லிங்கில் கூட்டல் 3. இன்றுவரை லைட் வரவில்லை. அதற்கு முன்னால் நான் செலவழித்தது 31,000 ரூபாய்.

சிலர் கார்புரேற்றர் கிளீனரை ஓடும் எஞ்சின் மீது அடித்துக் குழாய் வெடிப்பைத் தேடுவார்கள். வெடிப்பு இருந்தால் எஞ்சின் சத்தம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அது தீப்பிடிக்கும் சாமான், சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

இன்னும் பழைய கார்களுக்கு மெஷின் கூடத் தேவையில்லை. என் அயல்வீட்டு அண்ணனிடம் கொரோலா 110 இருக்கிறது. பொனற்றுக்குக் கீழே சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துளை எது என்று எழுதியிருக்கும். ரி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டையும் ஒரு வயர்த்துண்டால் தொடுத்துச் சாவியைப் போட்டால் செக் எஞ்சின் லைட் கண்சிமிட்டும். துளை மாறினால் வேறு சேதம் வரும் என்பதால் எழுத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் தொடுக்க வேண்டும். அண்ணனின் காரில் இரண்டு சிமிட்டல், ஒரு இடைவெளி, திரும்ப இரண்டு சிமிட்டல். அது குறி 22. தண்ணீர்ச் சூட்டுச் சென்சரின் இணைப்பு. காலையில் ஸ்டார்ட் எடுக்காமல் கஷ்டப்பட்ட கார் அது. இங்கேயும் புதுச் சென்சர் வாங்கவில்லை. எங்கள் ஊர் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் இணைப்பின் செப்புக் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்துச் சொருகினோம், தீர்ந்தது.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தாலும் அந்த விலை எங்களுக்கு எட்டாது. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடக் கார்களோடுதான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாங்கள் வாழ்க்கை நடத்துகிறோம். வருடாவருடம் புகைப் பரிசோதனையில் எஞ்சினை ஐட்லிங்கிலும் வைத்து அளக்கிறார்கள். அதில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, அது இல்லாமல் றோட்டில் இறங்க முடியாது.

கராஜ்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குறியை அழிப்பதற்கு முதல் அதைப் பில்லில் எழுதுங்கள். காற்று, பெற்றோல் சம்பந்தமான குறி என்றால் ஐட்லிங்கிலும் 2,500இலும் வந்த இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். கழற்றிய பழைய சாமானைச் சொந்தக்காரரின் கையில் கொடுங்கள். வாகனக்காரர்களும் கேட்டு வாங்குங்கள். எழுதின துண்டு கையில் இருந்தால் அடுத்த கராஜுக்குப் போகும்போது முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

இளம் மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல வரவில்லை. ஸ்பானர் பிடித்துப் பழகிய பிள்ளைகளின் கையில் மெஷினைக் கொடுத்துவிட்டோம், அது காட்டும் இலக்கத்தை எப்படி வாசிப்பது என்று தமிழில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. மட்டக்களப்பு, சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிகளின் பொறுப்பாளர்களிடம் மன்றாட்டமாகக் கேட்கிறேன்: ஏற்கெனவே கராஜில் வேலை செய்கிறவர்களுக்காக, வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், இதற்கென்று ஒரு குறுகியகால வகுப்பை நடத்துங்கள். சான்றிதழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாய்ந்தமருது நானா போன்ற ஒருவரை வாரத்தில் ஒருநாள் அழைத்தாலே போதும். கேட்டுப் பார்த்தேன், வருவதாகச் சொன்னார்.

அந்த வெடித்த குழாயை நான் எறியவில்லை, காரின் டாஷ்போட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வகுப்பு தொடங்கினால் பிள்ளைகள் வளைத்துப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார்ச் சாரதி ஒருவர்,
பெரியகல்லாறு.