இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட முதியோர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்தும் கீழ் டிவிசனிலிருந்தும் இந்தக் குளிரில் நடந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் நம்மைவிட்டுப் பிரிந்த அங்கத்தவர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துவோம். அவர்களுடைய மரண வீடுகளுக்கு வழக்கமான உதவித்தொகை கொடுக்கப்பட்டது. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கண் பரிசோதனையும் தீபாவளிக்கு அரிசி பருப்புக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. கதிர்காமப் பயணம் பஸ் வாடகை கட்டுப்படாததால் நடக்கவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கும், வேலையை விடும்போது வர வேண்டிய சேவைக்காலப் பணத்துக்கும் அலைவதிலேயே போனது. நம் அங்கத்தவர் ஒரு பெரியம்மா, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், தன் காகிதங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு சேலை மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார். மேசையில் பரப்பிப் பார்த்தோம். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர். ஈ.பி.எப். அங்கத்தவர் அட்டையான பி அட்டையில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது, உத்தேச வயதுச் சான்றிதழ்தான். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனதால் நம் பெற்றோர்களில் பலர் எந்தப் பதிவும் இல்லாமல் வாழ்ந்தார்கள். 2003இல்தான் மிச்சம் இருந்தவர்களுக்கும் சட்டப்படி பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் குளறுபடி இன்றும் ஈ.பி.எப். காசு கேட்டு அனுப்பும் கே படிவத்தில் வந்து நிற்கிறது. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, ஜி.எஸ். என்னும் கிராம சேவகரின் கையெழுத்தும் வாங்கி அனுப்பினோம். பெரியம்மாவுக்கு வருடக் கடைசியில் காசு கிடைத்துவிட்டது. இன்னும் சிலருடைய விண்ணப்பங்கள் நிலுவையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நிர்வாகம் பல மாதங்களாக ஈ.பி.எப். கட்டவே இல்லை என்று தெரியவந்து, தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்திருக்கிறோம்.

கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கப்படுவதால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதி வைக்கிறேன். 1958ஆம் ஆண்டு ஈ.பி.எப். சட்டப்படி நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படுகிறது, முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எப். என்னும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி போடுவது 3 வீதம். அது நம் சம்பளத்தில் வெட்டக்கூடாத காசு. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, ஐந்து வருடம் சேவை முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டியது நிர்வாகம்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காக வந்தால்கூட எவ்வளவு வரும்? 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 14 நாளுக்கு 18,900. முப்பது வருடம் உழைத்தவருக்கு 567,000 ரூபா. கேட்க நல்ல தொகைதான். ஆனால் 60 வயதில் வேலையை விட்டு 80 வயதுவரை வாழ்பவர் அதை மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் 2,362 ரூபாதான் கிடைக்கும். சீனியும் மண்ணெண்ணெயும் மருந்தும் அதற்குள் அடங்குமா? ஈ.பி.எப்.பும் சேர்ந்து வரும், உண்மைதான். ஆனால் வந்த காசு வந்த மாதமே கூரைத் தகரத்துக்கும், மகளின் கல்யாணக் கடனுக்கும், மகனை வெளிநாடு அனுப்புவதற்கும் போய்விடுகிறது. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குடும்பம் முழுவதும் அந்த ஒரு தொகைக்காகக் காத்திருக்கும்போது, பெற்றவர்கள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு இருப்பார்களா?

அதனால்தான் நமக்கு மாதாமாதம் பென்சன் வேண்டும் என்று இந்தச் சங்கம் தொடர்ந்து சொல்லி வருகிறது. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சன் இருக்கிறது. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டம் வந்தது. தேயிலையால் நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தவர்களுக்கு இல்லை. விவசாயிகளின் திட்டத்தில் இடையில் நிதி வற்றி, கொடுப்பனவு நின்றுபோனதையும் நாம் பார்த்தோம். ஆகவே சந்தாக் காசை மட்டும் நம்பிய திட்டம் நமக்குப் போதாது. முதலாளியும் திறைசேரியும் பங்கு போட வேண்டும். சேர்ந்த ஈ.பி.எப்.பில் ஒரு பகுதியை விரும்பியவர் மாதக் காசாக எடுத்துக்கொள்ள வழியும் செய்ய வேண்டும். இதை மகஜராக எழுதி பிரதேச செயலகம் மூலம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு நமக்கு இருப்பது 70 வயது கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவுதான். அது 3,000 ரூபாவாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஏப்ரல் முதல் 5,000 ஆக்குவதாகச் சொன்னார்கள், அதை வரவேற்கிறோம். ஆனால் 60 வயதில் வேலையை விட்டவர் 70 வயதுவரை என்ன செய்வார்? கைக்காசுக்குப் போவார், அதாவது பதிவில்லாமல் அன்றன்று கையில் வாங்கும் காசுக்கு வேலை செய்வார். நம் அங்கத்தவர்கள் எத்தனை பேர் முழங்கால் வலியோடு கூடை மாட்டிக்கொண்டு கிலோக் கணக்கில் கொழுந்து பறிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். துண்டு வேலையானாலும் நாள் வேலையானாலும் ஈ.பி.எப். உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. கைக்காசுக்காரர் பெயர் செக்ரோலில் ஏறுவதே இல்லை. இன்னொன்று: 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடங்களில் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது பொதுவாக 60. அதற்கு முன்பு "வயசு போச்சு, நின்றுகொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் எதிலும் கையெழுத்துப் போடாமல் முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் கார்மென்டிலும், மருமகள்கள் குவைத்திலும் சவூதியிலும் இருக்கிறார்கள். லயத்தில் மிஞ்சியிருப்பது கிழவிகளும் பேரப்பிள்ளைகளும்தான். பேரனைப் பள்ளிக்கு அனுப்புவதும் பாட்டி, படுக்கையில் கிடக்கும் தாத்தாவைத் துடைத்துவிடுவதும் அதே பாட்டி. அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஒரு தட்டுச் சோறு வரும், அவ்வளவுதான். கீழ் டிவிசனில் படுக்கையாகக் கிடந்த அண்ணன் ஒருவரை இந்த வருடம் கிளினிக்குக்குக் கொண்டுபோக, கம்பளியில் தூக்கிப் பாதைவரை நடந்தோம். ஆட்டோ அங்கே வராது.

2012 தொகைமதிப்பிலேயே நாட்டில் நூற்றுக்குப் 12 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இளையவர்கள் வெளியேறும் நம் தோட்டங்களில் அது கண்ணுக்கே தெரிகிறது. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் குறைந்து, பின் அறை சும்மா கிடக்கிறது. அதை முதியோர் பகல் பராமரிப்பு நிலையமாகத் தரும்படி தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்டிருக்கிறோம். பிரஷர் பார்க்க ஒரு கருவி, சூடான தேத்தண்ணி, பகலில் ஒரு சாப்பாடு, உதவிக்குச் சம்பளத்துக்கு ஒரு பெண். இவ்வளவுதான் முதலில் தேவை. சம்பளம் இல்லாமல் ஊர்ப் பெண்கள் தலையில் அதையும் கட்டக்கூடாது என்பது என் கருத்து. இன்று தீர்மானமாக இதை முன்வைக்கிறேன்.

60 வயது முடிந்தும் முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஈ.பி.எப். விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் ஞாயிறு காலை வாசிகசாலைக்கு வாருங்கள். அடையாள அட்டை, பி அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

செயலாளர்