காரை விழுந்தால் யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் படுக்கையறைத் தளம் ஊறி, ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து மகளின் புத்தகப் பைமேல் விழுந்தது. அவள் அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு "மழை நிக்கட்டும், பார்க்கலாம்" என்றார். மழை நின்றது, தை மாத வாடகையும் வாங்கிக்கொண்டார், கொத்தனார்தான் இன்னும் வரவில்லை.

2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு நம்முடையது, அது நியாயம்தான். அவர் செய்ய மறுத்தால் நாமே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாய்ப்பேச்சில்தான் குடியிருக்கிறார்கள், கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அந்த அட்டவணையை அரசு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் தமிழில் ஒட்டி வைக்கட்டும், வரும் மழைக்கு முன்னாலேயே.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர், சென்னை