எதில் கால் பங்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவது படிக்கும் என் மகள் சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில், ஆரணி அரிசிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் போடுவாள். போன வாரம் அவளுடைய கணக்குப் புத்தகத்தில் வந்த கணக்கு இது: ஒரு வணிகர் தம்மிடமிருந்த அரிசியில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும் நான்கில் ஒரு பங்கை மாலையிலும் விற்றார், மீதம் 30 கிலோ எனில், முதலில் இருந்த அரிசி எவ்வளவு?

அவள் 72 என்று போட்டாள். கடைசிப் பக்கத்து விடையோ 60. அழித்து அழித்துப் போட்டதில் தாள் கிழிந்ததுதான் மிச்சம். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு இன்ட்டு.

நான் துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்தேன். மொத்தத்தில் கால் பங்கு என்றால் காலையில் 24, மாலையில் 18, மீதி 30. ஆக 72 சரி. காலையில் விற்றது போக மிச்சத்தில் கால் பங்கு என்றால் 20, 10, மீதி 30. அப்போது 60 சரி. இரண்டுமே பின்னமில்லாமல் வந்து நிற்பதால், பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படும். எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவள் விடைதான் பொருத்தம். 'மீதியில்' என்ற ஒரு சொல்லை விட்டது புத்தகம்தானே?

கடைப் பையன் 'கால் பாகம் போயிடுச்சு' என்றால், 'எதுல?' என்று கேட்டுவிட்டுத்தான் நான் எழுதுவேன்.

லாபக் கணக்கிலும் இதே கதை. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் பள்ளிக்கூடத்தில் லாபம் 25 சதவீதம், அடக்க விலையின் மேல். சரக்கு போடும் கம்பெனி ஆள் 'மார்ஜின் 20' என்பார், விற்கிற விலையின் மேல். எதன் மேல் என்று சொல்லிவிட்டால் இரண்டிலும் தப்பில்லை. அப்புறம் 'மூன்று மடங்கு அதிகம்' என்று ஒன்று போடுகிறார்கள். அது மூன்று மடங்கா, நான்கு மடங்கா?

பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள், அச்சுக்குப் போகும் முன் கணக்கைப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் போடச் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டு விடை வந்தால் வாக்கியத்தைத் திருத்தட்டும். விடைப் பகுதியில் வெறும் எண்ணோடு நிறுத்தாமல் ஒரு வரி வழிமுறையும் சேர்த்தால் எங்களைப் போன்ற பெற்றோர் மல்லுக்கட்டுவது குறையும்.

துண்டுச் சீட்டை மகளின் ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பினேன். பார்த்துவிட்டு 72-க்கும் மதிப்பெண் போட்டுவிட்டார். புத்தகத்தில் இன்னும் 60தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.