எருக்குழியைக் காட்டிய அக்காவுக்கு

ஏற்காட்டுக் காபித் தோட்டத்து அக்காவுக்கும், எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் 4 பேர் சேலத்தில் நுண்ணுயிரியல் கடைசி வருடம் படிக்கிறோம். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜை சேர்வராயன் மலை மண்ணில் தேடுவதுதான் எங்கள் புராஜெக்ட். முதல் தடவை ரோட்டோரம் காய்ந்து கிடந்த செம்மண்ணை அள்ளி வந்தோம். பாக்டீரியா வளர்க்கும் 12 தட்டிலும் ஃபேஜ் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுபடி வந்தபோது, காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்த நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எதுக்கு கண்ணு மண்ணப் பையில கட்டுறீங்க?" என்று கேட்டீர்கள். விஷயத்தைச் சொன்னதும், "உசுரு இருக்கிற மண்ணுன்னா எருக்குழிக்குல்ல போகணும், வாங்க" என்று சில்வர் ஓக் நிழலுக்குக் கூட்டிப் போனீர்கள். அங்கே காபிப் பழத்தோல் கறுத்து மக்கி, கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. பாக்டீரியா பெருகும் இடத்தில்தானே அதைத் தாக்கும் வைரஸும் பெருகும்! படித்த எங்களுக்கு அது உறைக்கவே இல்லை, அக்கா.

மண் டப்பாவைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாயாமல் பார்த்துக்கொண்ட கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

மண்ணைக் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தோம். பாக்டீரியா மேலேயே தங்கிவிடும், வைரஸ் கீழே இறங்கிவிடும். வடிநீரை மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸோடு கலந்து, பாக்டீரியா வளர உதவும் கூழான இளகிய அகாரில் சேர்த்துத் தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் வைத்தோம். காசநோய்க் கிருமிக்கு உறவான பாக்டீரியா அது, ஆனால் பொதுவாக நோய் தராது. அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனது. இன்குபேட்டர் ஆறிவிடக் கூடாதென்று ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு விடியும்வரை கூடவே இருந்த லேப் அண்ணா, அந்தத் தூக்கத்தை உங்களுக்கு எப்படித் திருப்பித் தருவோம்?

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பாக்டீரியா வளர்ந்த வெண்படலத்தில், அது செத்துப்போன இடங்களில் ஊசிமுனையளவு தெளிந்த வட்டங்கள், மொத்தம் 7! ஒரே ஒரு ஃபேஜ் தொடங்கிவைத்த வேலைதான் ஒவ்வொரு வட்டமும்.

உடனே எல்லோருக்கும் சொல்லத் துடித்தோம். எங்கள் மேடம் விடவில்லை. ஒரு வட்டத்தை மட்டும் எடுத்து, மூன்று முறை திரும்பத் திரும்ப வளர்த்துச் சுத்தப்படுத்தச் சொன்னார். காத்திருந்த நாட்களில்தான், கங்கை, யமுனை நீரில் ஏதோ ஒன்று காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் பாக்டீரியா ஆய்வாளர் ஹான்கின் எழுதியதையும், 1917-இல் நுண்ணுயிரியலாளர் டெரெல் அப்படிப்பட்ட ஒன்றுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்ததையும் சொன்னார். அந்தப் பொறுமைக்கு நன்றி, மேடம்.

புது ஃபேஜுக்குக் கண்டெடுத்தவர்களே பெயர் வைப்பது வழக்கம். நாங்கள் நால்வரும் பேசி முடிவு செய்துவிட்டோம், அக்கா: பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்ததும் தட்டின் படத்தோடு தோட்டத்துக்கு வருகிறோம்.

அன்புடன்,
மண் கேட்டு வந்த பிள்ளைகள்